ஆள் பார்த்து நட்டம்

எங்கள் தெருவில் ஆறு சலூன்கள் இருந்தன. ஐந்தில் பேசுவார்கள். ஆறாவதுக்குத்தான் நான் போவேன்.

என் வேலை அப்படி. காலையிலிருந்து சாயந்திரம் வரை தொலைபேசியில் அடுத்தவர்களின் புகாரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவனுக்கு, மாதத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடம் யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம். ஆறாவது சலூன்காரர் அந்த உபகாரத்தைப் பதினேழு வருஷமாகச் செய்துவந்தார். நாற்காலியைத் தட்டுவார், அதற்கு ‘வாங்க’ என்று பொருள். பின்னந்தலைக்கு நேரே சின்னக் கண்ணாடியைப் பிடிப்பார்; ‘சரியா?’ என்று பொருள். துண்டை ஒரு உதறு உதறுவார்; ‘கிளம்பலாம்’ என்று பொருள். அவருக்கு ‘அமைதி’ என்று பட்டப்பெயர் வைத்ததே வாடிக்கையாளர்கள்தான்.

அந்தக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். மனைவியை இழந்த கணக்கு வாத்தியார் ஒருவர். வேலை போனதை இன்னும் வீட்டில் சொல்லாத எஞ்சினியர் ஒருவர். இரண்டு முறை தேர்தலில் தோற்றவர் ஒருவர். எல்லோரும் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து அங்கே ஒதுங்கியவர்கள்.

அமைதியின் மனைவி வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைப்பவர். அவருடைய இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான். வலது கண்தான் ஊசியில் நூல் கோக்கும் கண், சம்பாதிக்கும் கண். அந்தக் கண்ணில் ஒருநாள் மேலிருந்து நிழல் விழுந்தது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, “விழித்திரை கீழ்ப்பக்கத்துல பிரிய ஆரம்பிச்சிருக்கும்மா. மெதுவாத்தான் போகுது. நாலு மாசம், மிஞ்சிப்போனா அஞ்சு. நடுவுக்கு வர்றதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க. அப்புறம் பண்ணிப் பிரயோஜனமில்ல” என்றார்.

அந்த ஆபரேஷனைச் செய்ய ஊருக்கு ஒரே ஒரு பெரிய மருத்துவமனைதான். பணம் கட்டினால் மறுநாளே செய்வார்கள். சலூனை விற்றாலும் அவ்வளவு பணம் தேறாது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் அந்த வாரமே பொதுப்பிரிவு வரிசையில் போய் நின்று ஒரு தேதி வாங்கினார்கள். பதினோரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. அமைதி விரல் விட்டு எண்ணி, நாலு விரலை மடக்கிக் காட்டி, குமாஸ்தாவைக் கெஞ்சலாகப் பார்த்தார். குமாஸ்தா நல்ல மனுஷன். “அதுக்குள்ள சரியாயிட்டா முன்னாடியே சொல்லிடுங்க. அந்த இடத்த வேற யாருக்காவது கொடுக்கலாம்” என்றார்.

இது நடந்து மூன்று வாரத்தில் அதே மருத்துவமனையிலிருந்து கடைக்கு ஒரு கடிதம் வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டித் தாள். ‘சமூகத்தில் தங்கள் சொல்லுக்கு உள்ள மதிப்பை அறிந்து, தங்களை எமது நல்லுறவுப் பிரிவின் விருந்தினராகத் தேர்ந்தெடுத்துள்ளோம். அனைத்தும் இலவசம்.’

அமைதியின் மனைவி அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் படித்தார். அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“உங்க சொல்லுக்கு மதிப்பாம். எந்தச் சொல்லுக்குங்க?”

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அமைதியே சொன்னார். அவரைப் பேச வைத்துவிட்டார்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மருத்துவமனைக்கு இரண்டு வாசல். பொதுப்பிரிவு வாசலில் தகரக் கொட்டகை. நல்லுறவுப் பிரிவு வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. உள்ளே போனதும் இவருடைய செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, பஞ்சு மாதிரி ஒரு செருப்பைப் போட்டுவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். பல்லைச் சுத்தம் செய்தார்கள். ஒருத்தர் வந்து குதிகாலைத் தேய்த்துவிட்டுப் போனார். தலைமைக் கண் மருத்துவர், அதாவது பதினோரு மாதம் காத்திருந்து பார்க்க வேண்டியவர், அரை மணி நேரம் இவர் கண்ணையே பார்த்தார்.

“அருமையான கண்ணு சார். ஒரு குறையும் சொல்ல முடியாது.”

அமைதி நிறைய யோசித்து, வாயைத் திறந்தார். “எனக்கு இல்லைங்க. வீட்டுல. அவளுக்குத்தான் கண்ணு.”

“அது அடுத்த கட்டடம்” என்று சொல்லிவிட்டு டாக்டர் விளக்கை அணைத்தார்.

பிறகு நல்லுறவு மேலாளரிடம் கூட்டிப்போனார்கள். முப்பது வயதிருக்கும். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. அமைதியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துத் தான் நின்றுகொண்டு பேசினார்.

“சார், நாங்க உங்களுக்குச் செய்யுறது எல்லாமே எங்களுக்கு நட்டம்தான். ஒளிச்சுப் பேச மாட்டேன். ஆனா சும்மா நட்டப்பட மாட்டோம். ஆள் பார்த்துத்தான் நட்டப்படுவோம். இந்த ஊர்ல எத்தனையோ லட்சம் பேர் இருக்காங்க. எல்லாருக்கும் நல்லது பண்ண முடியுமா? முடியாது. பண்ணவும் கூடாது. நூத்தி இருபது பேர் இருக்காங்க, அவங்க சொன்னா மத்தவங்க கேப்பாங்க. அந்த நூத்தி இருபது பேரைத் தேடிப் பிடிச்சு நல்லது பண்ணினா, எல்லாருக்கும் பண்ணின பேர் தானா வந்துடும்.”

“நான் எப்படிங்க அதுல?”

“எங்க ஆள் உங்க கடைக்கு எதிர்ல ஒன்பது நாள் நின்னு எண்ணினார் சார். ஒரு நாளைக்குப் பதினாலு பேர். ஒருத்தருக்கு நாப்பது நிமிஷம். அந்தத் தெருவுல வேற எந்தக் கடையிலயும் யாரும் அவ்வளவு நேரம் உக்கார்றதில்ல. அவ்வளவு நேரம் உங்க பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னா பாருங்களேன்!”

எண்ண வந்த ஆள் ஒருநாளாவது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாம். வெளியே நின்று தலைகளை எண்ணுவது மட்டும்தான் அவருக்கு விதித்த வேலை போலிருக்கிறது. அமைதி மறுத்துச் சொல்ல நினைத்தார். அதற்குள் மேலாளர் அடுத்ததைச் சொல்லிவிட்டார். விருந்தினரின் சொல்வீச்சு, அதாவது அவர் சொல்லை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு, எழுபது புள்ளியைத் தொட்டால், வீட்டில் ஒருவருக்கு ஓர் அறுவை சிகிச்சை, பதினைந்தே நாளில், இலவசம்.

‘நான் ஊமை மாதிரி’ என்று அமைதி சொல்லவில்லை. தலையாட்டினார். பெண்டாட்டியின் கண்ணை நினைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

ஒரு பெரிய நோட்டும் கொடுத்தனுப்பினார்கள். ‘கேட்டோர் பதிவேடு.’ மருத்துவமனையின் பெருமையைக் கேட்ட ஒவ்வொருவரும் தேதி போட்டு, ‘கேட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. தையல் இயந்திரத்துக்கு முன்னால் மனைவியை உட்காரவைத்து, தோளில் துண்டைப் போட்டு, அமைதி கத்தரியைக் கையில் பிடித்தார். பத்து நிமிடம் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னங்க, சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல?”

“என்னை யாரோன்னு நெனச்சுக்கோங்க. ‘இப்பல்லாம் அந்த ஆஸ்பத்திரியில’ன்னு ஆரம்பிங்க.”

“இப்பல்லாம் அந்த ஆஸ்பத்திரியில,” என்றார் அமைதி. வியர்த்துவிட்டது. “செருப்பு நல்லா இருக்கு.”

மனைவி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், “எனக்காக இவ்வளவு கஷ்டப்படுறீங்களே” என்று சொல்லி அழுதார்.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் கணக்கு வாத்தியார். நான் பெஞ்சில் அடுத்து. வாத்தியார் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் பாதி நுரையோடு இருக்கும்போது, பதினேழு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கடையில் ஒரு குரல் கேட்டது.

“இப்பல்லாம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில நல்லாக் கவனிச்சுக்கிறாங்க சார். செருப்புகூட மெத்துமெத்துன்னு இருக்கு.”

வாத்தியார் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் அமைதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கதாம்ப்பா என் வீட்டுக்காரி போனா. தகரக் கொட்டகையில” என்றார்.

அமைதியின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் மிச்சக் கன்னத்தையும் மழித்து முடித்து, துண்டை உதறி, அழுதுவிடுவார்போல முகத்தை வைத்துக்கொண்டு நோட்டை நீட்டினார். கேட்டோர் கையெழுத்துப் போட வேண்டுமே. வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக, ‘கேட்டேன்’ என்று எழுதினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை.

எனக்கும் அதே பேச்சு கிடைத்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமும் போட்டேன். அவர் தட்டுத்தடுமாறித்தான் தொடங்கினார், நாள் போகப்போகக் கடிவாளம் விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியின் பெருமையில் ஆரம்பிப்பார். பெண்டாட்டியின் கண், பதினோரு மாதம், மேலாளர், செருப்பு என்று எல்லாவற்றையும் கொட்டுவார். நான் அலுவலகத்தில் கேட்கிற அதே பாட்டு. அங்கேயாவது சம்பளம் தருகிறார்கள். மூன்றாவது மாதம் நான் நாலாவது சலூனுக்கு மாறினேன். அங்கேயும் பேசினார்கள், ஆனால் கிரிக்கெட் பற்றித்தான். அது யாரையும் ஒன்றும் செய்யாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னைப் போலவே மற்றவர்களும் நழுவினார்கள். பதினாலு பேர் ஒன்பதானார்கள், ஒன்பது நாலானது. சொல்வீச்சு முப்பத்தொன்றில் நின்றது. நிழல் கண்ணில் பாதிக்கு வந்திருந்தது. மனைவி முகத்தை மேலே தூக்கித் தூக்கித் தைத்தார். சீருடைகளில் பொத்தான் ஒரு உயரத்திலும் துளை வேறு உயரத்திலுமாக விழத்தொடங்கின.

அந்தச் சமயத்தில்தான் நல்லுறவு மாநாடு. பெரிய கூடம். நூற்றிருபது விருந்தினர்களும் பஞ்சுச் செருப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், லிஃப்ட் ஓட்டுபவர், ஒரு பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களுக்கெல்லாம் தலைவிபோல இருக்கும் ஒரு அம்மா. அந்த அம்மாவின் சொல்வீச்சு தொண்ணூற்றிரண்டு. மேடையில் ஏற்றிப் பாராட்டினார்கள். அவருக்கு எந்த வலியும் இல்லாதபோதே குடல்வாலை இலவசமாக எடுத்துவிட்டார்களாம்.

“தெரியவே இல்லைங்க! தூங்கி எழுந்தா வயித்துல தையல்!” என்று அந்த அம்மா ஒலிபெருக்கியில் சொன்னார். கூடம் கைதட்டியது.

இயக்குநர் பேசினார். வயதானவர், கனிவான முகம், பேசும்போது இடையிடையே கண் கலங்கும்.

“நோயாளிக்கு வைத்தியம் பாக்குறது பெரிய விஷயமா? எல்லா ஆஸ்பத்திரியும் அதைத்தான் பண்ணுது. நோயாளி எங்க போவான்? எப்படியும் நம்மகிட்டத்தான் வரணும். நோயே இல்லாதவங்களைத் தேடிப்போய்த் தாங்குறோமே, அதுதான் அன்பு! அம்பது வருஷமா இந்தக் கொட்டகையில ஜனங்க நிக்கிறாங்க. ஒருத்தராவது போய் நாலு பேர்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொன்னதுண்டா? நன்றி கெட்டவங்களுக்குச் செஞ்சு செஞ்சு நான் ஓஞ்சுட்டேன்.” இங்கே கண் கலங்கியது. “அதனாலதான் கொட்டகைக்கு ஒதுக்கின டாக்டருங்கள்ல பாதிப் பேரை உங்களுக்குன்னு மாத்திட்டேன்.”

மறுபடியும் கைதட்டல். அமைதியும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் புள்ளி குறையுமோ என்று பயம்.

மாநாடு முடிந்ததும் மேலாளர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“சார், உங்க பேச்சு எடுபடல. ஏன்னா உங்களுக்கு அனுபவம் இல்ல. செருப்பப் பத்தி எவ்வளவு நாள் பேசுவீங்க? உங்களுக்கு ஒரு கண் ஆபரேஷன் பண்ணிடலாம்.”

“என் கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாரே.”

“அதனாலதான் சார் பயமில்ல. சின்ன சுத்தம்தான். ரெண்டு வாரம் கட்டு. கட்டுல எங்க பேர் இருக்கும். பாக்குறவங்க தானா கேப்பாங்க, நீங்க சொல்லலாம். புள்ளி எகிறிடும்.”

அமைதி கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, அதையே என் வீட்டுக்காரிக்குப் பண்ணிடுங்களேன். உங்க பேரைப் பத்தி ஊர் பூராச் சொல்லுவா. எனக்குத்தான் பேச வராது. அவ நல்லாப் பேசுவா.”

மேலாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “அவங்களுக்கு நெஜமாவே தேவை இருக்கே சார். தேவைப்படுறவங்களுக்குச் செஞ்சா அது வைத்தியம் ஆயிடும். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, தனி வரிசை இருக்கு. நான் அதுல தலையிட்டா முறையா இருக்காது.”

நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அமைதி ஒப்புக்கொண்டார். தலைமை மருத்துவர் பிரமாதமாக, ஒன்றரை மணி நேரம், ஒன்றுமே இல்லாத கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். அடுத்த கட்டடத்தில் மனைவியின் செவ்வாய்க்கிழமை இன்னும் ஏழு மாதம் தள்ளி இருந்தது.

ஒற்றைக் கண்ணில் கட்டோடு, கையில் சவரக்கத்தியோடு ஒருவர் நாற்காலியைத் தட்டி ‘வாங்க’ என்றால் யார் போவார்கள்? தேர்தலில் தோற்றவர் ஒருவர் மட்டும் துணிந்து போனார். காதுக்குக் கீழே மூன்று பிளாஸ்திரியோடு திரும்பி வந்தார். பதிவேட்டில் அந்த வாரத்துக்கு ஒரே ஒரு ‘கேட்டேன்’, அதிலும் ரத்தக்கறை. கட்டுப் பிரித்த அன்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை சாதாரணத் தாள். ‘தங்கள் சொல்லுக்கு மதிப்பு இல்லாமையால் தங்கள் பெயர் நீக்கப்படுகிறது. செருப்பைத் திருப்பித் தரவும்.’

அமைதி பஸ் ஏறிப் போய்ச் செருப்பைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து பழையபடி பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஐந்தாம் மாதம் முடியும் முன்பே மனைவிக்கு நிழல் அடிவரை இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அமைதியின் மனைவி பேசத் தொடங்கினார். தையல் போய்விட்டது, வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவார். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சொல்வார். கொட்டகை, தேதி, நல்ல கண்ணுக்கு ஆபரேஷன், எல்லாவற்றையும். அழமாட்டார், கத்தமாட்டார். புருஷன் சொன்னதை வைத்து மேலாளர் மாதிரியே பேசிக் காட்டுவார், சிரிப்பு வரும். என் பஸ்ஸைத் தவறவிட்டு நானே இரண்டு முறை நின்று கேட்டிருக்கிறேன். நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரு ஆள் நின்று, வாய் அசைய, எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே கெட்டித் தாளில் கடிதம் வந்தது. ‘சமூகத்தில் தங்கள் சொல்லுக்கு உள்ள மதிப்பை அறிந்து...’ அமைதிதான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. பஞ்சுச் செருப்பு வந்தது. இயக்குநரே எழுந்து நின்று வரவேற்றார். அந்த அம்மா விட்டுவைக்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் கண் கலங்கக் கேட்டார். “எவ்வளவு அழகாப் பேசுறீங்கம்மா” என்றார். தலைமை மருத்துவர் அரை மணி நேரம் கண்ணைப் பார்த்தார். “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா. சின்ன ஆபரேஷன்தான்” என்றார். குதிகாலைத் தேய்த்துவிட்டார்கள். ஒரு போட்டோ எடுத்தார்கள். செருப்பு வாங்கிக்கொண்டதற்கு என்று சொல்லி ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள்.

இதை எனக்கு அந்த அம்மாவேதான் சொன்னார், பஸ் நிறுத்தத்தில். கேட்ட பிறகு எனக்கு என்னவோபோல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறாவது சலூனுக்குப் போனேன். பெஞ்சு காலியாக இருந்தது. அமைதி என்னைப் பார்த்தார், நாற்காலியைத் தட்டினார். மனைவி ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். எதிர்க் கட்டடத்தின் சுவர் முழுக்க ஒரு விளம்பரப் பலகை. அதில் அந்த அம்மாவின் முகம், இரண்டு ஆள் உயரத்துக்கு. அமைதி நாள் முழுக்க எந்தப் பக்கம் திரும்பினாலும், நேராகவோ கண்ணாடியிலோ, அது தெரியும்.

பாதித் தலை முடிந்திருக்கும். அந்த அம்மா, “வந்திருக்கிறது நம்ம டெலிபோன் சார்தானே?” என்றார்.

“ஆமாம்மா.”

“எதிர்ல என் படம் வச்சிருக்காங்களாம். எப்படி இருக்கேன் சார்?”

“நல்லா இருக்கீங்கம்மா.”

“கீழ என்னமோ எழுதியிருக்காம். இவர்கிட்ட கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கிறார். நீங்களாவது படிச்சுச் சொல்லுங்க.”

பின்னால் கத்தரிச் சத்தம் நின்றது. கேட்டதை அப்படியே எழுதியும், எழுதியிருப்பதை அப்படியே வாசித்தும் இருபது வருஷம் பிழைத்தவன் நான். தலையைத் திருப்பிப் பார்த்து, யோசிக்காமல் படித்துவிட்டேன்.

“‘நான் தாமதமாக வந்தேன். நீங்கள் தாமதிக்காதீர்கள்’னு போட்டிருக்கும்மா. கீழ ஆஸ்பத்திரி பேரு.”

அந்த அம்மா கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு புருஷன் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, “மொத வாரமே போனோமேங்க” என்றார்.

அமைதி என் தோளிலிருந்து துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். பாதித் தலையோடு எழுந்து தெருவில் இறங்கினேன்.